ஆவணி பொறக்கட்டும் சார்

வாடகை 18,000, அட்வான்ஸ் பத்து மாத வாடகை. நங்கநல்லூர் பக்கம் இதுதான் வழக்கம். ஏன் என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொன்னதும் ஹவுஸ் ஓனருக்கு ரொம்ப வருத்தம். "உங்கள மாதிரி குடித்தனம் இனிமே கிடைக்குமா சார்?" என்றார். அட்வான்ஸ் பேச்சை எடுத்ததும் வருத்தம் இரட்டிப்பானது.

"அதுக்கென்ன சார், அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் அப்படியே உங்க கையில கொடுத்துடறேன்."

அதாவது, என் ஒரு லட்சத்து எண்பதாயிரம் அவரிடம் இல்லை. அது எப்போதோ மொட்டை மாடியில் ஒற்றை அறையாக எழும்பி, அதற்கு ஒரு பேச்சிலர் பையன் குடிவந்து, அவனிடமும் ஒரு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. அந்தப் பணம் எந்தச் சுவருக்குள் இருக்கிறதோ, கேட்கத் தைரியம் வரவில்லை.

சட்டம் பேசிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. அட்வான்ஸே மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது.

"வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்னு ஒரு வார்த்தை இருக்குமே, படிச்சீங்களா?" என்றார். மனிதர் ரிட்டையர்டு ஹெட் கிளார்க். "நாமதான் பத்து மாசம்னு ஒப்பந்தம் போட்டிருக்கோமே." சரி, அந்த ஒரு மாதக் கெடு? அதற்கு மட்டும் அவருக்குக் காது கேட்கவில்லை.

ஆனிக் கடைசியில் சாமான்களை ஏற்றினோம். அடுத்து வந்தது ஆடி. ஆடியில் எவன் வீடு பார்க்க வருவான்? போன் செய்தபோதெல்லாம் ஒரே பதில்தான்: "ஆவணி பொறக்கட்டும் சார்."

பொறந்தது. ஆட்களும் வந்தார்கள். "நீங்களே வந்து காட்டுங்க, குடியிருந்தவர் சொன்னா நம்புவாங்க" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார் ஓனர். காசு வாங்காத புரோக்கராக நின்று தண்ணீர் வசதி, மெட்ரோ, நடக்கிற தூரத்தில் ஆஞ்சநேயர் கோயில் எல்லாவற்றையும் அடுக்கினேன். "இவ்வளவு நல்ல வீட்டை ஏன் சார் காலி பண்ணீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். ஓனர் பக்கத்திலேயே நிற்கிறார். "பையன் ஸ்கூல் தூரம்" என்றேன். பையன் அதே ஸ்கூலில்தான் படிக்கிறான், இப்போதுதான் தூரம்.

ஒருவழியாக ஒருவருக்கு வீடு பிடித்தது. ஆனால் அவருடைய அட்வான்ஸ் மடிப்பாக்கத்தில் மாட்டியிருந்தது. அந்த ஓனரும் அடுத்த ஆள் வரட்டும் என்கிறாராம். வேறு வழி? நான் பார்த்தே இராத மடிப்பாக்கத்து வீட்டை "நல்ல காற்றோட்டம், அமைதியான தெரு" என்று ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் போட்டேன். எங்கள் அக்கவுண்ட்ஸ் பையனே அதற்குக் குடிபோனான். காற்றோட்டம் பற்றி இதுவரை அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கணக்குத் தீர்க்கும் நாளில் ஓனர் டார்ச்சோடு வந்தார். பகல் பதினோரு மணிக்கு டார்ச் எதற்கு? ஆணி ஓட்டைகளை எண்ண. காலண்டர் ஆணி, கடிகார ஆணி, சாமி பட ஆணி. "இது நாங்க வரும்போதே இருந்தது சார்" என்றால், "அது வேற ஓட்டை, இது வேற ஓட்டை" என்கிறார். கதவுக்குப் பின்னால் எங்கள் வாண்டு கிரேயானில் வரைந்த யானையைப் பார்த்ததும் பேச்சே நின்றுவிட்டது. தும்பிக்கையிலிருந்து வால்வரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடிக்கணும்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். யானை இல்லாவிட்டாலும் பிடித்திருப்பார், அது வேறு விஷயம்.

மீதி 1,62,000 கணக்கில் ஏறியது. அன்றே புது வீட்டு ஓனருக்குப் போயும்விட்டது.

போன வாரம் பழைய வீட்டுக்குக் குடிவந்தவர் போன் செய்தார்.

"சார், புதுசா பெயிண்ட் அடிச்ச வீடு, காலி பண்ணும்போது ஒரு மாச வாடகை பிடிப்பேன்னு ஓனர் அக்ரிமெண்ட்ல எழுதியிருக்கார். கதவுக்குப் பின்னாடி ஒரு யானை இருக்கே, அது புது பெயிண்ட்லயே வந்ததா?"