29 பேரும் ஏழரை ஆண்டுகளும்

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. சென்னை முழுக்க ரஜினி படத்தின் முதல் நாள் கொண்டாட்டம். அந்த அமளியில் டிவியில் கீழே ஓடிய ஒரு வரியைப் பார்த்தேன், தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படை விமானத்தைக் காணவில்லை என்று. அப்போது நான் சேலையூரில் குடியிருந்தேன். விமானப்படைத் தளம் பக்கத்திலேயே என்பதால் விமானச் சத்தம் காதுக்குப் பழகிப்போயிருந்தது. அன்று காலை எட்டரைக்கு அந்த ஏஎன்-32 ரக விமானம் கிளம்பிய சத்தமும் என் வீட்டுக்குக் கேட்டிருக்கும், நான்தான் கவனிக்கவில்லை.

அந்தமானுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகும் வழக்கமான பயணம் அது. 11.45-க்கு இறங்கியிருக்க வேண்டும். உள்ளே 29 பேர். விமானத்தை ஓட்டிய குழுவினர் 6 பேர், முப்படை, கடலோரக் காவல்படையைச் சேர்ந்தவர்கள், அப்புறம் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள் 8 பேர். இந்த எட்டுப் பேரைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். அவர்கள் சிப்பாய்கள் இல்லை, வேலை விஷயமாகப் போனவர்கள்.

23,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது, திரண்டிருந்த மேகத்தைத் தவிர்க்க விலகிப் போவதாக விமானி சொல்லியிருக்கிறார். அடுத்து ராடாரில் தெரிந்தது இடப்பக்கம் சடாரென்று ஒரு திருப்பம், வேகமாக இறங்கிய உயரம், அவ்வளவுதான். ஆபத்து என்று ஒரு குரல் வரவில்லை.

மறுநாளே அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் தாம்பரம் வந்தார். போர்க்கப்பல்கள், நீர்மூழ்கி, கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள், ஆராய்ச்சிக் கப்பலான சாகர் நிதி என்று தேடாத வழி இல்லை. மிதக்கும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. விமானங்களில் இருக்கும் அவசர ரேடியோ கருவி செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும், ஆனால் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் அந்த அலை வெளியே வராது. கடலுக்கடியில் வேலை செய்வது வேறொரு கருவி. தண்ணீர் பட்டதும் விநாடிக்கு ஒருமுறை ஒலி எழுப்பும், சுமார் ஒரு மாதம் அதன் பேட்டரி தாங்கும். அதற்கு முந்தைய வருடம், 2015 ஜூனில், தமிழகக் கடலோரத்தில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூன்று பேருடன் காணாமல் போனதே, அதில் அந்தக் கருவி இருந்தது. நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அந்த ஒலியைக் கேட்டது, ஜூலையில் கடலடியில் விமானம் கிடைத்தது. இந்த ஏஎன்-32-இல் அது இல்லை என்று அப்போதே செய்திகளில் வந்தது. சரி, இருந்திருந்தாலும் அவ்வளவு ஆழத்திலிருந்து ஒலி மேலே எட்டியிருக்குமா என்று கேட்கலாம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்பது அதன் எல்லையை ஒட்டியதுதான். இருந்தாலும் காது கொடுத்துத் தேட ஒரு சத்தமாவது இருந்திருக்கும். வாரா வாரம் கடலைத் தாண்டும் விமானத்தில் அது இல்லாமல் போனதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

செப்டம்பரில், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று குடும்பங்களுக்குத் தகவல் போனது. 'இறந்துவிட்டார்' வேறு, 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' வேறு. முதல் சொல் வந்தால் விழுந்து புரண்டு அழலாம், காரியம் செய்யலாம். இரண்டாவது வந்தால் படத்துக்கு மாலை போடக்கூடக் கை வராது. காணாமல் போனவரின் அலைபேசிக்குக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது என்று குடும்பத்தார் சொன்னதாக அந்த நாட்களில் ஒரு செய்தி படித்தேன். அதைப் படித்த பிறகு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாத ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது நம் சட்டம், இவர்கள் விஷயத்தில் அந்த ஏழு ஆண்டும் தாண்டியது.

2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கை வந்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், ஆளில்லாமல் தானே ஓடும் நீர்மூழ்கி ஊர்தி ஒன்று சிதைந்த விமானத்தின் பாகங்களைப் படம் எடுத்திருக்கிறது. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவில்லை, ஆகவே இது அந்த ஏஎன்-32 ஆக இருக்கலாம் என்றது அறிக்கை. மறுபடியும் ஒரு 'இருக்கலாம்'. ஆனால் இந்த முறை கையில் படம் இருந்தது.

அந்த ஊர்தியை அனுப்பியது தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். அது இருப்பது பள்ளிக்கரணையில், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில். சேலையூரில் இருந்தபோது எத்தனையோ தடவை பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். விமானம் கிளம்பிய ஓடுதளத்துக்கும் அதைக் கண்டுபிடித்தவர்களின் அலுவலகத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், வந்துசேர ஏழரை ஆண்டுகள் ஆகியிருக்கிறது.

29 வீட்டுக்காரர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அந்த இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். கொஞ்ச நேரம் இன்ஜினை நிறுத்திவிட்டு, அவர்கள் கையாலேயே பூப்போட விட வேண்டும். எங்கே போடுவது என்று இப்போது தெரியும்.