லேபிளை மூன்று முறை படி

1971 டிசம்பர் 3 மாலை இந்திய-பாகிஸ்தான் போர் தொடங்கியதாக வானொலி சொன்னது. கிழக்கு எல்லையை ஒட்டிய ராணுவ மருத்துவமனையில் இருந்த எங்களுக்கு அது பழைய செய்தி. நவம்பரிலேயே எல்லை மோதல்களில் அடிபட்டவர்கள் வந்து சேரத் தொடங்கிவிட்டார்கள். ஆய்வக உதவியாளர்கள் சிலரை முன்னணிப் பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டதால் ஆய்வகத்தில் ஆள் இல்லை. மருந்தகத்தில் கலவை கலக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் கெமிஸ்ட்ரி தெரியுமே, போ" என்றார் அதிகாரி. எனக்குக் கிடைத்த நியமன உத்தரவு அவ்வளவுதான்.

ஆய்வகத்துப் பொறுப்பாளர் ஒரு சுபேதார். நாங்கள் சாப் என்போம். அவர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என்னைக் 'கம்பவுண்டர்' என்றார். நுண்நோக்கியைத் தொடவிடாமல் முதலில் தண்ணீர் காய்ச்ச வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தாலும், அது எனக்குக் கைவந்த வேலை. நரம்பில் ஏற்றும் உப்புநீருக்கு ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது பள்ளிப் பையனுக்கும் தெரியும். வாலை வடித்த தண்ணீர் அன்றே வடித்ததாக இருக்க வேண்டும், அன்றே ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கலத்தில், ஏற வேண்டும் என்பதுதான் கஷ்டம். ஒரு ராத்திரி கிடந்த தண்ணீரில் கிருமி வளர்ந்துவிட்டால், பிறகு கொதிக்க வைத்துக் கிருமியைக் கொன்றாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு போகாது. அதை ஏற்றினால் நோயாளிக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் கொதிக்கும். ஏற்கெனவே ரத்தம் இழந்தவனுக்கு அது எமன்.

தண்ணீரில் தேறிய பிறகுதான் ரத்தத்துக்கு வந்தேன். அந்நாளில் ரத்தம் கண்ணாடிப் புட்டிகளில் வரும். உறையாமலிருக்க சிட்ரேட்டும் டெக்ஸ்ட்ரோசும் கலந்திருக்கும். குளிர்பெட்டியில் 21 நாள் வைக்கலாம். புட்டியை ஆட்டாமல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும்: அடியில் அடர்சிவப்பு, நடுவே மெல்லிய வெள்ளைப் படலம், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. அந்த மேல்நீரில் சிவப்பு ஏறியிருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்தப் புட்டி குப்பைக்குத்தான்.

ரத்த வகை பார்ப்பது சுலபம், பொருத்தம் பார்ப்பதில்தான் உயிர் இருக்கிறது. சிப்பாயின் ஆவணத்தில் வகை எழுதியிருந்தாலும் சாப் அதை நம்பமாட்டார். ஒவ்வொருவருக்கும் மறுபடி பார்க்கச் சொல்வார். அடிபட்டவனின் சீரத்தோடு, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரோடு, புட்டி ரத்தத்தின் அணுக்களைச் சேர்த்து, திரள்கிறதா என்று பார்ப்போம். திரண்டால் ஏற்றக்கூடாது. என்னைக் குழப்பியது டெக்ஸ்ட்ரான் என்ற ஏற்றுநீர். ரத்தம் கைக்கு வரும்வரை அழுத்தம் விழாமலிருக்க வழியிலேயே அதை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்தவனின் மாதிரியை எடுத்தால் எந்த ரத்தமும் ஒத்துக்கொள்ளாதது போலத் தெரியும். நுண்நோக்கியில் பார்த்தால் அணுக்கள் அடுக்கிவைத்த காசுகள் மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாப் அதில் ஒரு சொட்டு உப்புநீர் விடச் சொன்னார். வரிசை கலைந்து அணுக்கள் தனித்தனியே மிதந்தன. கலைந்தால் வெறும் ஒட்டல், கலையாவிட்டால் உண்மையான திரட்சி. அன்றிலிருந்து டெக்ஸ்ட்ரான் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்து அனுப்பும்படி வார்டுகளுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தோம். எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இரவில் இருட்டடிப்பு. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டி, மேசையோரம் ஒரு விளக்கு மட்டும் எரியும். போதாக்குறைக்கு அந்த ஆண்டு வங்காளத்தில் 'ஜொய் பங்களா' என்று மக்கள் பெயர் வைத்த கண்நோய் வேறு பரவிக்கொண்டிருந்தது. கண் சிவந்தவர்கள் நுண்நோக்கியில் கண் வைக்கக்கூடாது. மற்றவர்களும் பார்த்து முடித்தவுடன் கண்லென்சை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

மருந்தகத்தில் ஒரு பழக்கம் உண்டு: புட்டியை எடுக்கும்போது, ஊற்றும்போது, திருப்பி வைக்கும்போது என லேபிளை மூன்று முறை படிப்பது. ஆய்வகத்திலும் அதையே செய்தேன். பெயர் ஒன்றாகவே இருக்கும் சிப்பாய்கள் ஒரே வண்டியில் வருவார்கள். அதனால் பெயரைப் பார்க்காமல் ராணுவ எண்ணை வாய்விட்டுப் படிப்பேன். பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். சாப் சிரிக்கவில்லை. மறுநாளே எல்லோரையும் எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அவர் தந்த ஒரே பாராட்டு அதுதான்.

டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு நடந்தது. வெளியே வெடி, இனிப்பு. எங்களுக்கு வேலையின் வகைதான் மாறியது: காயம்பட்ட போர்க்கைதிகளும் வந்தார்கள். அவர்களுக்கும் அதே மேசை, அதே சோதனை. பிறகு மலேரியா சந்தேகத்தில் வந்த ரத்தப் படலங்களை லீஷ்மன் சாயமிட்டுப் பார்ப்பதிலேயே பொழுது கழிந்தது.

ஆட்கள் திரும்பியதும் என்னை மறுபடி மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வகத்தில் இருந்ததைச் சேவைப் பதிவேட்டில் எழுதித் தரக் கேட்டேன். எழுத்தரிடம் ஒரு முறை, அதிகாரியிடம் ஒரு முறை, மறுபடி எழுத்தரிடம். கடைசியில் 'கூடுதல் பணி' என்று ஒரு வரி ஏறியது. பிற்காலத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை கேட்டபோது அந்த வரியைத்தான் காட்டினேன். ரத்தப் பொருத்தம் எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார்கள், டெக்ஸ்ட்ரான் கதையைச் சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள்.