நெஞ்சுவலி என்று கிளம்பிப் போய்ச் சேர்ந்த இடம்

எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டுத் தறி, கூலி நெசவு. சோமனூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சத்தத்தில்தான் தொட்டிலில் தூங்கியிருப்போம். கூலி உயர்வு கேட்டுச் சுற்றுவட்டாரமே தறியை நிறுத்தியபோது நாங்களும் நிறுத்தினோம். முதல் நாலைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வர ஆரம்பித்தது. அத்தனை அமைதியை என் காது அதுவரை கேட்டதில்லை. பேங்க் தவணை, கரண்ட் பில், தறி ஓட்டுகிறவர்களுக்குக் கொடுத்திருந்த முன்பணம், எல்லாம் வரிசையாக வந்து தலைமாட்டில் நிற்கும்.

அப்படி ஒரு ராத்திரி நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உள்ளங்கை வேர்த்தது, விரல் நுனி மரத்தது, மூச்சு மேலேயே நின்றுகொண்டு கீழே இறங்க மாட்டேன் என்றது. சாகப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மச்சினன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். விடியற்காலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் மூன்று தடவை இப்படிப் போனோம். ஒரு தடவை டிரெட்மில்லில் ஓடவிட்டும் பார்த்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை இருந்த டாக்டர், "டென்ஷனைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். எப்படிக் குறைப்பது என்று நான் கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இதைப் பார்ப்பதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று அந்த மூன்று ராத்திரியில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

அம்மா குலதெய்வக் கோயிலில் பூ கேட்டுவிட்டு வந்து கையில் கயிறு கட்டினார். அந்தக் கயிறு இன்னும் என் கையில் இருக்கிறது. அவர் அதைக் கட்டும்போது விரல் நடுங்கியதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான், எனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது என்று புரிந்தது.

சரியான வழியைக் காட்டியவர் எங்கள் ஊரில் ரொம்ப வருடமாக இருக்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு தாள் விடாமல் பார்த்தார். தைராய்டு மட்டும் எடுக்கச் சொன்னார், ஏனென்றால் தைராய்டு கூடினாலும் இதே மாதிரி படபடக்குமாம். அதுவும் சரியாக இருந்தது. அப்புறம் சொன்னார்: "ஊடை அறுந்தா தறி தானா நிக்குமில்லீங்களா தம்பி? உங்களுக்கு நூல் அறாமயே நின்னு நின்னு போகுது. உடம்பு கெட்டுப்போகல, ரொம்ப உசாரா இருக்குது, அவ்வளவுதான். இதுக்குப் பேனிக் அட்டாக்னு பேரு. மனநல டாக்டரைப் பாருங்க." நாற்பத்தொரு வயதில் ஒரு வார்த்தை கிடைத்ததற்காகக் கண் கலங்கினேன்.

வார்த்தை கிடைத்துவிட்டது, ஆள் எங்கே? போனில் தேடினால் கொத்தாக வந்து விழுகிறது. சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், ஹிப்னோதெரபி, லைஃப் கோச். யார் டாக்டர், யார் இல்லை என்று என்னைப் போன்ற ஆளுக்கு எப்படித் தெரியும்? முதலில் போன் செய்தது விளம்பரம் பெரிதாக இருந்த ஒருவருக்கு. பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்துப் பணத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டும், பயம் வேரோடு போய்விடும், அதற்குக் கேரண்டி என்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அனுபவம் என்றார். கட்டுவதற்குக் கிட்டத்தட்ட தயாராகவே இருந்தேன். மனைவிதான், "மாமா, நூல் வாங்கறதுக்கே நாலு இடத்துல விசாரிப்பீங்க" என்று தடுத்தாள்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி ரொம்ப மோசமாக இருந்தது. 14416 என்ற எண்ணை எங்கேயோ பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கிய சேவை. காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றுபோன தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சுற்றிவளைக்காமல், "செத்துப்போகணும்னு நினைப்பு வருதுங்களா?" என்றார். யாரும் என்னிடம் அதுவரை கேட்காத கேள்வி. "சாகணும்னு இல்லைங்க. படுத்தா எந்திரிக்காமப் போயிட்டாத் தேவலைன்னு தோணும்" என்றேன். வாய் விட்டுச் சொன்ன பிறகுதான் அந்த நினைப்பு எத்தனை நாளாக உள்ளே இருந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் பதறவில்லை. வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டார். தென்னைக்கு வாங்கியது இருந்தது. இப்போதே மனைவியை எழுப்பி, அதை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள் என்றார். அந்த ராத்திரியே மச்சினன் வந்து எடுத்துப் போனார். இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். கொங்கு நாட்டில் தோட்டம் இருக்கிற எந்த வீட்டில் பூச்சிமருந்து இல்லை? அதனால்தான் எழுதுகிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள் என்றதும் அவர்தான். சோமனூரில் ரயில் ஏறினால் கோவை ஜங்ஷன், அங்கிருந்து ஜி.எச். நடக்கிற தூரம். சீட்டுப் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், காக்கிச் சட்டையோடு ஒரு டிரைவர், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலேஜ் பையன். நான் என்ன கூட்டத்தை எதிர்பார்த்து வந்தேனோ அது அங்கே இல்லை. எல்லோரும் நம் ஊர் பஸ்ஸில் பார்க்கிற முகங்கள்.

டாக்டர் வயதில் சின்னவர். கூட்டம் வெளியே நின்றாலும் அவசரப்படாமல் கேட்டார். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் உளவியல் படித்து, மேலே எம்.ஃபில். மாதிரி பயிற்சி முடித்து, ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர், பேசிப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்வார், மருந்து எழுத மாட்டார். "உங்களுக்கு ரெண்டும் தேவை" என்று சொல்லிப் பிரித்து விளக்கியவர் இவர்தான். காலையில் ஒரு மாத்திரை எழுதினார். வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். சொன்னபடியே புரட்டியது. மூன்றாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தால் மணி ஐந்து. நடுவில் எழவே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நம் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் மனநோயை உடல்நோய் மாதிரியே நடத்த வேண்டும். என் பாலிசி படுத்துச் சிகிச்சை எடுத்தால்தான் பணம் தரும், அதனால் எனக்கு அது உதவவில்லை. ரகசியம் உதவியது. அம்மாவின் பெரிய பயம் அதுதான். "நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்போ எவனாவது சொல்லிருவானே சாமி" என்பார். என் மகள் ப்ளஸ் டூதான் படிக்கிறாள்.

பேசுகிறவரைத் தேடும்போதும் அந்தப் பயம் கூடவே வந்தது. பக்கத்திலும் இருக்க வேண்டும், தெரிந்தவர் கண்ணிலும் படக் கூடாது. திருப்பூர் கிட்டத்தான், ஆனால் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பங்காளியோ ஒரு ஜவுளிக்காரரோ வண்டியை நிறுத்தி "என்னுங்க இந்தப் பக்கம்" என்பார். அதனால் முதலில் வீட்டிலிருந்தே வீடியோவில் பேசலாம் என்று ஒருவரைப் பிடித்தேன். தகுதி உள்ளவர், அக்கறையாகத்தான் பேசினார். ஆனால் "உங்க எமோஷன்ஸை ஐடென்டிஃபை பண்ணுங்க" என்பார். நான் மனதுக்குள் முதலில் அதைத் தமிழாக்கி, பதிலையும் யோசித்து, அவருக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வதற்குள் சொல்ல வந்தது போய்விடும். இரண்டு தடவையோடு, எனக்கு ஒத்துவரவில்லைங்க என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவர் வருத்தப்படவில்லை, வேறு ஒருவரைப் பாருங்கள், தேடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

ஜி.எச். டாக்டர் ஒரு சீட்டில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்திருந்தார். இந்தத் தடவை விசாரித்துவிட்டே போனேன். ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன, பேனிக் அட்டாக் வந்தவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை நேரம், சனிக்கிழமை பொழுதோட, அதாவது சாயங்காலம், வர முடியுமா என்று போனிலேயே கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஒருவர் திரும்பக் கூப்பிடவில்லை. இன்னொருவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, பதிவு எண்ணைக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். ஆயிரம் ரூபாய், ஐம்பது நிமிடம். கோவையில் ஹோப் காலேஜ் பக்கம், மூன்றாவது மாடி.

கம்பெனிப் பெயர் ஒட்டிய வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். என்ன செய்கிறது என்று கேட்டார். "வெசனமா இருக்குதுங்க" என்றேன், வாயில் வந்தது அதுதான். அவர் எழுதிக்கொண்டே, "வெசனம் காத்தால எச்சுங்களா, பொழுதோட எச்சுங்களா?" என்றார்.

அப்புறம் அந்த ஐம்பது நிமிடமும் நான்தான் பேசினேன்.

நாலாவது தடவை போனபோது அவர், "எப்பவும் லிஃப்டுலயே வர்றீங்க" என்றார். உண்மைதான். படியேறினால் நெஞ்சு அடிக்கும், அடித்தால் அது வந்துவிடும் என்று மாதக்கணக்கில் படியே ஏறுவதில்லை. மச்சுக்குக்கூடப் போவதில்லை. அவர் என் எக்கோ, டிரெட்மில் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இருதயம் நல்லா இருக்குதுங்க. இன்னைக்குப் படியில போலாம், நானும் வர்றேன்" என்றார். கீழே போய், மூன்று மாடியும் விறுவிறுவென்று ஏறினோம். மேலே வந்தபோது கால் நடுங்கியது, வாய் உலர்ந்தது. உட்கார விடவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணச் சொன்னார். 132. அதே பயம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. "மூச்சு ஒண்ணும் பண்ண வேண்டாங்க. நாடியை மட்டும் எண்ணுங்க" என்றார். 120. 108. 96. நான் ஒன்றுமே செய்யவில்லை, அதுவாக இறங்கியது. என் நெஞ்சு தானாகவே இறங்கி வரும் என்பதை அன்றைக்கு அந்த மாடிப்படியில் நின்றுதான் பார்த்தேன். அடுத்த வாரம் முழுக்கத் தினமும் வீட்டு மச்சுப்படி ஏறி, எண்ணி, நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்.

நடுவில் ஒரு தப்புச் செய்தேன். நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நானாக நிறுத்திவிட்டேன். நாலாவது நாள் தலை கிறுகிறுத்து, மண்டைக்குள் கரண்ட் ஓடுகிற மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் திட்டவில்லை. இதை மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இப்போது குறைத்துக்கொண்டு வருகிறோம்.

சைக்காலஜிஸ்ட் ஒரு தடவை மனைவியையும் கூட்டிவரச் சொன்னார். நான் வெளியே இருந்தேன், அவர்கள் என்ன பேசினார்கள் என்று முழுதாகத் தெரியாது. வரும் வழியில் பஸ்ஸில் அவள் சொன்னது இதுதான்: அந்தப் படபடப்பு பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் தானாக இறங்கிவிடுமாம், அதுவரை கூட உட்கார்ந்திருந்தால் போதுமாம்.

தறி ஓட ஆரம்பித்துச் சில மாதம் கழித்து இன்னொரு தடவை வந்தது. மணி இரண்டேகால். பக்கத்துக் குடோனில் ராத்திரி ஷிஃப்ட் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மனைவி எழுந்து லைட் போட்டாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எண்ணுங்க மாமா" என்றாள். நான் எண்ணினேன். இரண்டு இருபத்துநாலுக்கு லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.