ஏர் ரைஃபிளில் பைபாட்: மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டில் ட்ரில் பிட் வாங்கக் கிளம்பும் முன், உங்கள் ரைஃபிள் எப்படி காக் ஆகிறது (சுடத் தயாராகிறது) என்று பாருங்கள். ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் காலான பைபாட் எங்கே உட்காரும், உட்காருமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பேரலை மடக்கும் ஸ்பிரிங் ரைஃபிள் என்றால், பைபாட் கால்கள் முன்பக்கம் மடிந்து பேரலுக்கு அடியிலேயே கிடக்கும். காக் செய்யும்போது பேரல் கீழே இறங்கி அவற்றில் மோதும். ஒவ்வொரு முறையும் கால்களைப் பின்பக்கம் மடக்க வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். ஸ்டாக்கின் (ரைஃபிளின் பிடிக்கும் கட்டை) முன்பகுதியும் சாதகமாக இல்லை. காக்கிங் கம்பி ஓடுவதற்காக அடியில் நீள வெட்டு விட்டிருப்பார்கள். பைபாட் மாட்டும் குமிழான ஸ்டட்டைத் திருக வேண்டிய நட்டநடு இடத்தில் மரமே இருக்காது. இடம் இல்லையே என்று பேரலிலேயே கிளாம்ப் போடுவது அதைவிட மோசம். கால்கள் தரும் அழுத்தம் நேராகப் பேரலுக்குப் போய், அதில் சாயும் அளவு மாறும்போதெல்லாம் பெல்லட் விழும் இடமும் மாறும்.

இன்னொரு சிக்கல் ஸ்பிரிங்கின் குணம். பிஸ்டன் பாயும்போது, பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் ஆட ஆரம்பித்துவிடும். அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க விடுவதால்தான், உள்ளங்கையில் தளர்வாக ஏந்திச் சுடுபவருக்கு குரூப் நன்றாக வருகிறது, அதாவது பெல்லட்கள் நெருக்கமாக விழுகின்றன. கெட்டியான பைபாட், அதுவும் கிரானைட் மேஜை மீது, அதைத் தடுத்து எகிற வைக்கும். என்னைக் கேட்டால் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு மணல் பையே போதும்.

பைபாட் பொருந்துவது, அழுத்தக் காற்றை முன்பே நிரப்பி வைக்கும் பி.சி.பி. ரைஃபிளுக்குத்தான். காற்று முன்பே சிலிண்டரில் அடைத்திருப்பதால் உதை அநேகமாக இல்லை. ஸ்டாக்கின் அடியில் பிகாட்டினி ரெயில் (குறுக்குப் பள்ளங்கள் உள்ள பட்டை) இருந்தால் வேலை சுலபம், ஆனால் அளவைப் பாருங்கள்: பிகாட்டினி பள்ளம் 5.23 மி.மீ., அதைப் போலவே இருக்கும் வீவர் ரெயிலின் பள்ளம் 4.57 மி.மீ. பைபாடின் பிடியில் வீவருக்கான குறுக்குக் கம்பி இருந்தால் அது பிகாட்டினியில் இறங்கும். பிகாட்டினி கம்பி வீவரில் இறங்காது, மேலேயே நின்றுவிடும். திருகு இறுகியது போலத் தெரியும், சில சுடுதல்களில் நழுவும். கம்பி பள்ளத்தில் இறங்கியதும் பைபாடை முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

ரெயில் இல்லாத மர ஸ்டாக்கில் ஸ்விவல் ஸ்டட் திருகலாம். முதலில் பேரலும் சிலிண்டரும் சேர்ந்த பகுதியான ஆக்‌ஷனை ஸ்டாக்கிலிருந்து கழற்றி எடுத்துவிடுங்கள். சிலிண்டருக்குள் 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கலாம். ட்ரில் அதன் பக்கமே போகக் கூடாது. ஸ்டாக்கின் நடுக்கோட்டைப் பென்சிலால் குறித்து, துளையிடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், மேற்பூச்சு பெயராது. பிட்டின் தடிமன், திருகின் மரையை விட்டுவிட்டு நடுத்தண்டு எவ்வளவோ அவ்வளவு. அந்த இடத்தில் மரம் எத்தனை தடிமன் என்று அளந்து, திருகு அதைத் தாண்டாது என்று உறுதி செய்துகொண்டு, ஆழத்தை பிட்டிலேயே டேப் சுற்றிக் குறித்துவிடுங்கள். மரையில் கொஞ்சம் மெழுகு தடவிக் கையால் திருகினால் மரம் பிளக்காது. உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டாக்கில் மரத்திருகு நிற்காது. போல்ட் போட்டு, உட்பக்கம் அகலமான வாஷரும் நட்டும் வேண்டும். அங்கே த்ரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஊற்றாதீர்கள், சில பிளாஸ்டிக் விரிசல் விடும்.

சிலிண்டரைச் சுற்றிப் போடும் கிளாம்ப் கடைகளில் கிடைக்கிறது. காற்று ஏறி இறங்கும்போது சிலிண்டரும் நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கும். அதே கிளாம்ப் பேரலையும் சேர்த்துப் பிடித்தால் அந்த அசைவு பேரலுக்கும் போய்ச் சேரும்.

உயரத்தைப் பொறுத்தவரை மேஜைக்கு 6–9 அங்குலக் கால்கள் போதும். மாட்டி முடித்ததும் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு தாளை இழுத்துப் பாருங்கள். முன்பு தடையின்றி ஓடிய இடத்தில் இப்போது சிக்கினால் ஏதோ அழுத்துகிறது. கால்களுக்கு அடியில் ரப்பர் பாய் விரித்து, ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்யுங்கள், அதாவது குறி வைக்கும் இடமும் பெல்லட் விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்யுங்கள். கையில் பிடித்துச் செய்த ஜீரோ பைபாடில் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்கி உப்பும், பிறகு காய்ந்து சுருங்கும். ஸ்டட்டிலும் மரத்திலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், திருகு தளர்ந்ததா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.