ஸ்டிங் ரேயும் ஸ்டிங்ரேயும்

பழைய கார்களின் உதிரிபாகங்களுக்குப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. உட்கார்ந்திருப்பது சென்னையில், பாகங்கள் பெரும்பாலும் விற்பனையாவது அமெரிக்காவில். விற்பவர்கள் அனுப்பும் விவரத்தில் ஒரே காரின் பெயர் நாலு விதமாக வரும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றிவிட்டால் பட்டியல் சுத்தமாகிவிடும் என்றுதான் வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் நினைக்கிறார்கள். மேலிடத்துக்கும் அதுதான் பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான செவர்லே கார்வெட்டையே பாருங்கள். 1963 முதல் 1967 வரை வந்தது 'ஸ்டிங் ரே', பிரித்து எழுதிய இரண்டு சொல். 1968-ல் வண்டியின் உருவமே மாறியது. அந்த வருட வண்டியில் இந்தப் பெயரே கிடையாது. 1969-ல் பெயர் திரும்பி வந்தபோது 'ஸ்டிங்ரே' என்று சேர்த்து எழுதினார்கள். 1976 வரை அப்படியே இருந்தது. ஆக, இரண்டு சொல்லுக்கு நடுவில் விடும் அந்த இடைவெளி வண்டி எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லிவிடுகிறது. பட்டியலைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒருமுறை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. 1965 வண்டியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவருக்கு எழுபதுகளின் பேட்ஜ், அதாவது வண்டியில் பொருத்தும் பெயர் எழுத்து, போய்ச் சேர்ந்தது. பெயின்ட் வேலையெல்லாம் முடித்துவிட்டு அந்த ஒன்றுக்காகக் காத்திருந்த மனிதர் அவர். கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

நம் ஊர் வண்டிக்கும் இதே கதிதான். ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் சென்னையை அடுத்த வண்டலூரில், தன் முந்தைய காரான ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் கொண்டுவந்த கார் கெஸல். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஒரே ஒரு 'எல்', அவ்வளவுதான். எழுத்துப்பிழை என்று நினைத்து இன்னொரு 'எல்'லும் ஓர் 'ஈ'யும் சேர்த்தால் அது இங்கிலாந்தின் சிங்கர் கெஸல் ஆகிவிடும். இரண்டும் வேறு வேறு கம்பெனியின் வண்டிகள். ஹெரால்டின் பின் ஆக்ஸில் அமைப்பைக்கூட மாற்றித்தான் கெஸலைச் செய்தார்கள். அதற்குப் பாகம் தேடுவதே பெரும்பாடு. பெயரும் மாறிப்போனால் இருக்கிற பாகமும் கண்ணில் படாது.

எல்லா வேறுபாட்டையும் இப்படிக் கட்டிக்காக்க வேண்டும் என்றில்லை. ஓல்ட்ஸ்மொபீல் 4-4-2 என்பது 1964-ல் நாலு பேரல் கார்புரேட்டர், நாலு கியர், இரட்டை எக்ஸாஸ்ட் என்பதற்கான சுருக்கம். நடுவில் கோடு போடாமல் 442 என்று எழுதினாலும் அதே வண்டிதான். அம்பாசிடர் மார்க் 2-ஐ ரோமன் எண்ணில் எழுதினாலும் அப்படியே. இவற்றைத் தாராளமாக ஒன்றாகச் சேர்க்கலாம். எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை வண்டியைத் தெரிந்த ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டியலில் பெயர் எழுத நான் வற்புறுத்தி வாங்கியது இரண்டு கட்டங்கள். ஒன்றில் பேட்ஜில் இருக்கிறபடியே பெயர், எழுத்து மாறாமல். இன்னொன்றில் மக்கள் தேடக்கூடிய எல்லா வடிவங்களும். முதல் கட்டத்தை மென்பொருள் தொட முடியாது. விற்பவர் எழுதியதில் சந்தேகம் வந்தால் பேட்ஜின் படத்தைக் கேட்கிறோம்; பேட்ஜ் தொலைந்த வண்டியென்றால் சேஸிஸ் நம்பர். அது வரும்வரை அந்தப் பாகம் விற்பனைக்குப் போகாது.