சொன்ன எடையும் அளந்த எடையும்: தாராவியில் ஓர் ஆய்வு

பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பின் ஆய்வேட்டுக்காகத் தாராவியில் இருக்கும் தமிழர்களிடம் உயரமும் எடையும் சேகரித்தேன். முதலில் வாயால் கேட்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும், இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். சொல்லும்போது சுலபமான வேலைதான். நடுவில் எங்கெல்லாம் சிக்கியது, எப்படி வெளியே வந்தோம் என்பதை இதே மாதிரி ஆய்வில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் தலைப்பைக் கேட்ட பலரும் முதலில் சொன்னது, "போன்லயே கேட்டுடலாமே, எதுக்கு மெஷினைத் தூக்கிக்கிட்டு அலையணும்?" என்பதுதான். உலகம் முழுக்க அப்படிக் கேட்டு வாங்கும் கணக்குகள் ஏராளம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்களிடம் தொலைபேசியில் உயரம், எடை கேட்கும் கணக்கெடுப்பே இருக்கிறது. ஆனால் கேட்டதையும் அளந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகளைக் கனடாவைச் சேர்ந்த கானர் கோர்பர் குழுவினர் 2007இல் தொகுத்தபோது ஒரே போக்குதான் தெரிந்தது. உயரத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள், எடையைக் குறைத்துச் சொல்கிறார்கள். நம் நாட்டின் தேசிய குடும்ப நல ஆய்வு இதனால்தான் எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது. அதில் வீட்டுக்கு ஆள் போய் அளக்கிறார்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மூன்று சென்டிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நினைக்கலாம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ (உடல் நிறை குறியீடு). 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவரின் பிஎம்ஐ சரியாக 25. இந்தியர்களுக்கான வரம்பின்படி அது உடல் பருமன். அவரே 163 செ.மீ., 61 கிலோ என்று சொன்னால் 22.96 ஆகிவிடும். 23க்குக் கீழே போய்விட்டதால் அவர் இயல்பான எடைக்காரர். நடுவில் இருக்கும் அதிக எடை என்ற வகையையும் தாண்டி, மூன்று சென்டிமீட்டரும் மூன்று கிலோவும் சேர்ந்து ஒரு ஆளை இரண்டு படி கீழே இறக்கிவிடுகின்றன. சர்க்கரை நோய் வரக்கூடியவர்கள் ஒரு பகுதியில் எத்தனை பேர் என்று இந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். விட்டுப்போகிறவர்கள் யாரென்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில்தான் முதல் முடிச்சு. அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால், மக்கள் சொல்லும்போதே கவனமாகச் சொல்வார்கள். அப்புறம் நான் தேடும் வித்தியாசமே சுருங்கிவிடும். அதற்காக மறைக்கவும் முடியாது, மறைப்பது சரியும் இல்லை. கடைசியில் ஒப்புதலை இரண்டு கட்டமாகப் பிரித்தோம். கேள்விகளுக்கு முதலில் ஒரு ஒப்புதல். பேட்டி முடிந்ததும், "இப்ப உங்களை அளக்கலாமா? வேண்டாம்னா விட்டுடலாம்" என்று தனியாக இன்னொன்று. குழு ஏற்றுக்கொண்டது. இதில் ஒரு விலை உண்டு. அளக்க மறுப்பவர்கள் ஒப்புக்கொள்பவர்களைப் போலவே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் மறுத்தவர்கள் வாயால் சொன்ன எண்களையும் தனியாக வைத்து, ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதினேன்.

களத்துக்கு வருவோம். தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்துகளில் பாதி வீடுகளின் தரை சமமாக இருக்காது. எடை மெஷினைச் சாய்ந்த தரையிலோ பாய்மேலோ வைத்தால் எண் மாறும். கனமான பிளைவுட் பலகை ஒன்றை எங்கும் தூக்கிக்கொண்டு போனோம், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துத்தான் மெஷினை வைத்தோம். தினமும் காலையில் எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்ப்பது, நீளம் தெரிந்த கம்பியை வைத்து ஹைட் ஸ்டாண்டைச் சரிபார்ப்பது என்பதெல்லாம் பழக்கமாகிவிட்டது. தண்ணீர் பிடித்து, சமையல் முடிந்து பெண்கள் ஓய்வாக உட்காரும் முற்பகலில்தான் போவோம். அது அளவுக்கும் நல்லது. காலையில் எழுந்தபோது இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்துவிடும், முதுகெலும்புத் தட்டுகள் அழுந்துவதால். ஆளுக்கு ஒரு நேரத்தில் அளந்தால் நேரமும் பிழையாகச் சேர்ந்துகொள்ளும்.

கொண்டையை அவிழ்க்கச் சொல்வதுதான் கூச்சமாக இருந்தது. ஹைட் ஸ்டாண்டில் தலையைத் தொடும் பலகை கொண்டைமேல் உட்கார்ந்தால் உயரம் கூடிவிடும், அதனால் சொல்லாமல் இருக்க முடியாது. இடுப்பில் செருகிய சுருக்குப் பை, மொபைல், சாவிக்கொத்து எல்லாம் இறக்கி வைக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் எடுக்க வேண்டும். சேலைக் கொசுவத்தின் மேல் டேப் வைத்தால் எந்தப் பயனும் இல்லை. பெண்களை நானும் இன்னொரு தோழியும் மட்டுமே அளந்தோம். களத்துக்குப் போகும் முன்பே ஒரே ஆட்களை இருவரும் தனித்தனியாக அளந்து, எங்களுக்குள் வரும் வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டோம். இந்தப் பயிற்சியை யாரும் தவிர்க்கக் கூடாது. நம் கை தரும் பிழை நமக்கே தெரியாவிட்டால், சொன்ன எண்ணை எதோடு ஒப்பிடுவது?

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை பேட்டிகள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு ஆச்சியிடம் எடை கேட்டேன்.

"எனக்கு எப்படித் தாயி தெரியும்? கடைசிப் பயலுக்கு மாசமா இருக்கையில ஆஸ்பத்திரியில நிறுத்துனாவ."

"உயரம், ஆச்சி?"

"கல்யாணத்துக்கு எங்கப்பா அஞ்சு அடி ரெண்டுன்னு சொன்னாரு. இப்ப எவ்வளவோ."

அந்தக் கடைசிப் பையனுக்கே இப்போது கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். வயதாகும்போது உயரம் குறைகிறது, ஆனால் மனசில் இருப்பது இளமையில் கேட்ட எண். இவரைப் போய் கூட்டிச் சொன்னார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் எண்ணோடு கூடவே, "இது எப்ப அளந்தது, எங்க அளந்தது?" என்ற கேள்வியையும் படிவத்தில் சேர்த்தேன். என் ஆய்விலேயே அதிகம் உதவிய கேள்வி அது. ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு அட்டை எடுத்தது, போலீஸ் வேலைக்குப் போனபோது அளந்தது, பிரசவக் கார்டில் எழுதியது என்று பதில்கள் வந்தன. சர்க்கரைக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரி போகிறவர்கள் கிட்டத்தட்ட சரியாகச் சொன்னார்கள். "தெரியாது" என்று சொன்னவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். வெளிநாட்டுக் கட்டுரைகள் கூச்சத்தையும் ஆசையையும் பற்றி நிறையப் பேசுகின்றன. நான் பார்த்த வரையில் இங்கே பலர் பல வருடமாக எந்த மெஷின்மேலும் ஏறியதில்லை, அதுதான் பெரிய காரணம். "தெரியாது" என்ற பதில்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் டாக்டரிடம் போகிறவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

பதிவு செய்வதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "அஞ்சு புள்ளி பத்து" என்று சொல்வதை அப்படியே 5.10 என்று அடித்தால், கணினி கடைசிப் பூஜ்யத்தை விழுங்கி 5.1 ஆக்கிவிடும். ஐந்தடி பத்து அங்குலம் என்பது 177.8 செ.மீ., ஐந்தடி ஒரு அங்குலம் 154.9 செ.மீ. அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைப்பதுதான் வழி. எடையோ 50, 55, 60, 65 என்று குவிந்து நிற்கும். வாயால் வரும் எண்கள் ஐந்திலும் பூஜ்யத்திலும் போய் உட்காருவது எல்லா ஊரிலும் உண்டு.

பகுப்பாய்வில், இரண்டு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு மட்டும் போதும் என்று சிலர் சொன்னார்கள். போதாது. எல்லோரும் தங்கள் எடையில் சரியாக மூன்று கிலோ குறைத்துச் சொன்னாலும் கெழு 1 என்றே வரும், அத்தனை பேரும் தவறாக இருந்தபடியே. புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் காட்டிய முறையில், ஒவ்வொருவரின் இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே புள்ளி வைத்துப் பார்த்தேன். சராசரி வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும், தனித்தனி ஆட்களின் புள்ளிகள் எவ்வளவு தூரம் சிதறுகின்றன என்பது அதில்தான் கண்ணில் படும். பிறகு பிஎம்ஐ வகைகளை வைத்து, யார் எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு மாறினார் என்று ஒரு அட்டவணை போட்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "அப்படின்னா கேட்டு எடுக்கிற கணக்கெடுப்பையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லோரையும் அளக்கப் பணமும் ஆளும் இல்லாத ஆய்வுகளில் ஒரு பகுதியினரையாவது அளந்து, அந்த ஊருக்கு, அந்த வயதுக்கு எவ்வளவு திருத்தம் தேவை என்று கண்டுபிடிக்கலாம். வேறு நாட்டில் செய்த திருத்தச் சூத்திரத்தை எடுத்துத் தாராவி ஆச்சிக்குப் போடக் கூடாது. தேர்வாளர் தலையாட்டிவிட்டு, அளக்கும் பகுதியினரை எப்படித் தேர்ந்தெடுப்பாய் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கு வயது, பாலினத்தோடு "தெரியாது" என்றவர்களையும் ஒரு பிரிவாக வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னேன். திருத்தி அனுப்பிய ஆய்வேட்டில் அதற்கென ஒரு பகுதியும் சேர்த்திருக்கிறேன்.