நான் எழுதிய படிவத்தை நானே நிரப்பியபோது

எங்கள் சபையின் உதவி நிதிக் குழுவில் ஏழு வருடம் இருந்தேன். நோய், வேலையிழப்பு, மரணம் என்று ஒரு வீடு தடுமாறும்போது காணிக்கையில் ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கிற குழு. அதற்கு இரண்டு பக்க விண்ணப்பப் படிவம் உண்டு. அதன் கேள்விகளை எழுதியவன் நான்தான். போன வருடம் அதே படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் கேள்வியைத் தாண்ட முடியாமல் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. அதனால் வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது பெரும்பாலும் அவளுக்குப் புரியும், பதில் சொல்ல வார்த்தைதான் வராது. அஃபேசியா என்ற சொல்லை மருத்துவமனை வராந்தாவில்தான் முதன்முதலில் கேட்டேன்.

மூன்று நாள் நான் சபையில் யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்டருக்கு வேறு யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. இரண்டு மூப்பர்களோடு வந்தார், எண்ணெய் பூசி ஜெபித்தார், போகும்போது என்னிடம் வருத்தமாகவே கேட்டார்: “ஏன் கூப்பிடல?” வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்றுதான் பைபிளில் யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியிருக்கிறார், ஐந்தாம் அதிகாரத்தில். கூப்பிட வேண்டிய பொறுப்பு படுத்திருக்கிற வீட்டுக்கு. இத்தனை வருடம் அந்த வசனத்தை மூப்பர்களின் கடமையாகவே வாசித்து வந்திருக்கிறேன்.

அப்புறம் கூட்டம் வந்தது. அன்பால்தான் வந்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் விழுங்குவதில் சிரமம் இருக்கிற நோயாளிக்கு ஒரு வாய் தண்ணீர்கூட ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அது தெரியாமல் ஒருவர் தம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டார். நான் கத்திவிட்டேன். அன்று மாலையே பெண்கள் ஐக்கியத்தைக் கவனிக்கிற மூத்த அக்கா ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். “இனிமே யாரும் உங்களுக்குப் போன் பண்ண மாட்டாங்க. எனக்குத்தான் பண்ணுவாங்க,” என்றார். பார்க்க வருகிறவர்கள் ஒரு நேரத்தில் இரண்டு பேர், பத்து நிமிடம். சாப்பாடு ஒரு நாள் விட்டு ஒரு நாள். சிகிச்சைக்குக் கூட்டிப் போக யார், நான் தூங்கும்போது பக்கத்தில் இருக்க யார், எல்லாம் அந்த நோட்டில் ஏறியது. “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று நாற்பது பேராவது சொல்லியிருப்பார்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கிற தெம்புதான் என்னிடம் இல்லை. அக்கா அந்த நாற்பது பேரையும் கிழமைகளாக மாற்றினார்.

ஒன்று மட்டும் கசந்தது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அவளுடைய நிலைமை முழுவதும், படுக்கையிலேயே எல்லாம் நடக்கிறது என்பதுவரை, சபை வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டது. அங்கிருந்து இன்னும் எங்கெங்கோ. கேட்டால், விவரம் தெரிந்தால்தானே பாரத்தோடு ஜெபிக்க முடியும் என்றார்கள். அவளால் பேச முடியாதே தவிர, வெட்கம் போய்விடவில்லை.

இரண்டாம் மாதம் பணம் தீர்ந்தது. வேலைக்குப் போக முடியவில்லை. பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில்தான் கை கால் வேகமாகத் தேறும், பயிற்சியை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சரி, படிவம்.

ஐந்தாம் கேள்வி இது: உறவினர்கள் எந்த அளவுக்கு உதவுகிறார்கள்? உதவவில்லையென்றால் காரணம் என்ன? இதை எழுதியபோது வசன ஆதாரமெல்லாம் வைத்திருந்தேன். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், விதவையைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலில் தாங்கட்டும், சபையின் மேல் பாரம் வைக்க வேண்டாம் என்று இருக்கிறது. சபைப் பட்டியலில் சேர 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்றுகூட உண்டு. எனவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கும் என் அண்ணனுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அதன் காரணத்தை, நான் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த பையன் வாசிக்கப்போகிற தாளில், நான் எழுத வேண்டும். கடைசியில் ‘இல்லை’ என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். விவரம் போதாது என்று இதே காரணத்துக்காக நான் திருப்பி அனுப்பிய படிவங்கள் அப்போது நினைவுக்கு வந்தன.

அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. பத்து நாளில் முடிவு வந்தது, மூன்று மாதப் பயிற்சிக் கட்டணம். எங்கள் விதிப்படி பணத்தைக் கையில் தருவதில்லை, நேராகச் சேர வேண்டிய இடத்தில் கட்டிவிடுவோம். அந்த விதிக்காக நான் வாதாடியிருக்கிறேன். பயிற்சி மையத்தில் ரசீது போடுகிற பெண், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “உங்களுக்கு சர்ச்லேர்ந்து கட்டிட்டாங்க சார்” என்றாள். அவள் மேல் தப்பில்லை.

அந்த நாட்களில், முதல் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எருசலேம் சபையில் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்கம் பேசுகிறவர்களின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அதற்காகத்தான் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நான் குழுவில் இருந்தபோது முறுமுறுப்பு வந்தால் அவிசுவாசம் என்பேன்.

மூன்றாம் மாதத்துக்கு மேல் நோட்டுப் புத்தகத்தில் பெயர்கள் குறைந்தன. அவரவர் வீட்டிலும் கஷ்டம் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு அப்போதுதான் நாள் நீளமாயிற்று. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். அக்கா மட்டும் வியாழக்கிழமை தவறாமல் வந்தார்.

ஒரு வியாழக்கிழமை பாஸ்டரும் கூட வந்தார், திருவிருந்து கொடுக்க. ஆராதனைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோவது வழக்கம் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே, ஏறக்குறைய 155இல், ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பழைய வழக்கம். பாஸ்டர் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினார். “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே...” என்றதும் என் மனைவி சேர்ந்துகொண்டாள். நாலு மாதமாக ‘தண்ணீர்’ என்று சொல்ல முடியாதவள், ஜெபத்தைக் கடைசி ஆமென் வரைக்கும் சொன்னாள். பாஸ்டருக்கே குரல் நின்றுவிட்டது. அற்புதம் என்று சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சியாளர் சொன்னது வேறு: மனப்பாடமான ஜெபம், பாட்டு, எண்ணிக்கை போன்றவை அஃபேசியா வந்தவர்களிடம் பல நேரம் தப்பித்து நிற்கும், பாட வையுங்கள். எதுவாக இருந்தால் என்ன. அக்கா அன்றிலிருந்து பாட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

இந்த வருடம் என்னைக் குழுவுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் கேள்வியின் இரண்டாம் பாதியை எடுத்துவிடலாம் என்றேன். பொருளாளர் தம்பி சிரித்தான். “அண்ணே, நீங்கதானே அதைப் போடணும்னு நின்னீங்க?” எடுத்துவிட்டோம். யார் யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்ல வேண்டாம் என்று ஒரு கேள்வி புதிதாகச் சேர்த்தோம். பணம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று அவர்களிடமே கேட்கிறோம். நாலாம் மாதத்தில் ஒரு போன் செய்ய வேண்டும் என்று காலண்டரில் குறித்துவைக்கிறோம். குழுவில் ஒருவராவது இந்த நிதியில் உதவி வாங்கியவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ நீங்களே இருங்க” என்றார்கள்.

அவள் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். அக்கா வந்தால் “வாங்க” என்கிறாள். என் பெயர்தான் இன்னும் வரவில்லை. சில நேரம் அவசரத்தில் என்னைப் “பிதாவே” என்று கூப்பிட்டுவிடுகிறாள், அப்புறம் அவளே சிரிக்கிறாள்.